பக்கத்துத் தெருப் பிள்ளைக்கு ஒரு துணை: சந்தேகங்களும் விளக்கங்களும்

சாயங்காலம் ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஊர்ப் பிள்ளைகள் இரண்டு பேருக்காவது உதவ வேண்டும் என்று நினைப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கல்லூரி முடித்துவிட்டுப் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பெண், வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஐடி இளைஞர் என்று யாராகவும் இருக்கலாம். நினைப்பதோடு நின்றுவிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் சந்தேகங்கள்தான். 'நமக்கு என்ன தகுதி?', 'கையில் காசு இல்லையே', 'நாலு பேர் என்ன சொல்வார்கள்?' என்பவை அடிக்கடி காதில் விழுபவை. இவற்றைவிட முக்கியமான ஒரு கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. அது இந்தக் கட்டுரையில் நான்காவதாக வருகிறது. அவசரம் என்றால் அதை முதலில் படித்துவிடலாம்.

நான் பத்தாவது வரைதான் படித்திருக்கிறேன். பிள்ளைகளுக்கு வழிகாட்ட எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

பாடம் நடத்துகிறவருக்குப் படிப்புத் தகுதி கேட்பார்கள். தமிழக அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் 1 முதல் 5-ஆம் வகுப்பு வரை கற்பிக்க பிளஸ் டூ, 6 முதல் 8 வரை கற்பிக்கப் பட்டம் என்று வைத்திருந்தார்கள். தன்னார்வ வழிகாட்டிக்கு அப்படிச் சட்டம் போட்ட தகுதி எதுவும் கிடையாது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை கதைப் புத்தகத்தைத் தட்டுத் தடுமாறி வாசிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்பதற்குப் பட்டம் எதற்கு?

சொல்லப்போனால், தொழில் தெரிந்தவர்களிடம் பிள்ளைகள் வேறு மாதிரி ஒட்டிக்கொள்வார்கள். தையல் கடைக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். தோள் அளவு பதினாலரை இஞ்ச். துணியை மடித்து வெட்டுவதால் அதில் பாதியைத்தான் குறிக்க வேண்டும், அதாவது ஏழேகால். வகுப்பில் பின்னம் என்றாலே முகம் சுருங்கும் பிள்ளையின் கையில் இஞ்ச் டேப்பைக் கொடுத்து, 'ஏழேகால் எங்கே இருக்கு, காட்டு பார்ப்போம்' என்றால் கால், அரை, முக்கால் எல்லாம் விரலுக்கு வந்துவிடும். இதை அவருக்கு எந்தப் பயிற்சிக் கையேடும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லிக்கொடுக்கக் கூடாது. 'எனக்கும் தெரியலை, நாளைக்கு உங்க மிஸ்கிட்ட கேட்டுட்டு வா' என்று சொல்வதில் மரியாதை குறைந்துவிடாது.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கழித்தல் கணக்கே வரவில்லை. பாடப் புத்தகத்தை எங்கிருந்து தொடங்குவது?

புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் தொடங்குங்கள். பிள்ளை எங்கே நிற்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். 52-இலிருந்து 38-ஐக் கழிக்கச் சொல்லிப் பாருங்கள். பல பிள்ளைகள் 26 என்று எழுதும். கவனக்குறைவு என்று அதட்டிவிடாதீர்கள், இந்தத் தவறுக்குள் ஒரு விதி இருக்கிறது. எது பெரிய எண்ணோ அதிலிருந்து சின்ன எண்ணைக் கழிக்க வேண்டும் என்று பிள்ளை புரிந்துவைத்திருக்கிறது. 8-இலிருந்து 2 போக 6, 5-இலிருந்து 3 போக 2. ஆகவே 26. பத்துக் கணக்கை ஒரே மாதிரி தப்பாகப் போடுகிற பிள்ளை அதன் விதிப்படி சரியாகத்தான் போட்டுக்கொண்டிருக்கிறது.

ஈர்க்குச்சியை ஒடித்துப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுங்கள். ஐந்து கட்டு, உதிரியாக இரண்டு குச்சி. இதிலிருந்து 38 குச்சியை எடுத்துத் தரச் சொல்லுங்கள். உதிரியில் எட்டு இல்லை என்று பார்த்ததும் பிள்ளையே ஒரு கட்டைப் பிரிக்கும். 'கடன் வாங்கிக் கழித்தல்' என்று பள்ளியில் சொல்வது இந்தப் பிரித்தலைத்தான். நாலைந்து நாள் குச்சியோடு போனபின் நோட்டுக்கு வந்தால் போதும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையை இரண்டாம் வகுப்புக் கணக்குக்கு இறக்கிவிட்டோமே என்று பெற்றோர் சங்கடப்படலாம். வேறு வழி இல்லை.

அதற்குத்தான் இல்லம் தேடிக் கல்வி இருக்கிறதே. தனியாக நாம் எதற்கு?

கொரோனாவில் ஒன்றரை ஆண்டுக்கு மேல் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் விட்டுப்போன படிப்பை மீட்க வந்த திட்டம் அது. 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே முதல்வர் மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்தார். மாலை 5 மணிக்கும் 7 மணிக்கும் நடுவில் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம், ஒரு தன்னார்வலருக்கு அதிகபட்சம் 20 பிள்ளைகள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் அதே தெருவில் வசிக்கும் பெண்கள். பிள்ளைகள் அவர்களை டீச்சர் என்பதைவிட அக்கா என்றே அதிகம் கூப்பிட்டார்கள். அந்தத் திட்டத்தின் பலமே அதுதான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

பலன் இருந்ததா என்று கேட்பவர்களுக்கு நல்ல ஆய்வு ஒன்று இருக்கிறது. பொருளியலாளர்கள் அபிஜித் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழகக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைச் சோதித்தார்கள். 2021 டிசம்பரில் பெரிய சரிவு தெரிந்தது, மொழிப் பாடத்தைவிடக் கணக்கில் அதிகம். பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பக் கிடைத்துவிட்டது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு, சரியாகச் சொன்னால் 24 விழுக்காடு, இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்று கணக்கிட்டார்கள். தெரு அக்காக்களுக்குக் கிடைத்த பெரிய சான்றிதழ் இது.

இப்போது அது தொற்றுக்காலத்து அளவில் இல்லை, சுருங்கிவிட்டது. அது போகட்டும். இருபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு படிப்பைத்தான் கவனிக்க முடியும். அப்பா குடித்துவிட்டு வருவதால் ராத்திரி படிக்க முடியவில்லை என்று ஒரு பிள்ளை சொல்ல வேண்டுமானால், அதைக் கேட்கத் தனியாக ஒரு ஆள் வேண்டும்.

வாரத்துக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்? நேரம் கிடைக்கும்போது போனால் போதாதா?

போதாது. மற்ற எல்லாவற்றையும்விட இதைத்தான் நெஞ்சில் கைவைத்து யோசிக்க வேண்டும்.

ஒரு பெரியவர், ஒரு பிள்ளை என்று இணைத்துவிடும் முறைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1904-இல் நியூயார்க் சிறார் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்த எர்னஸ்ட் கூல்டர், வழக்கில் சிக்கி வரும் பையன்களில் ஆளுக்கு ஒருவரைப் பொறுப்பெடுத்துக்கொள்ளும்படி அந்த நகரத்து ஆண்களைக் கேட்டுக்கொண்டார். அதிலிருந்து வளர்ந்ததுதான் 'பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்' அமைப்பு. அங்கே 10 முதல் 16 வயதுப் பிள்ளைகளிடம் எடுத்த தரவுகளை ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் என்ற ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2002-இல் வெளியிட்டார்கள். ஓராண்டுக்கு மேல் துணை நீடித்த பிள்ளைகளிடம் முன்னேற்றம் அதிகம். மூன்று மாதத்துக்குள் துணை விட்டுப்போன பிள்ளைகளுக்கோ தங்களைப் பற்றிய மதிப்பே முன்பைவிடக் குறைந்திருந்தது. அதாவது, வந்துவிட்டுப் பாதியில் போனவர் வராமலே இருந்திருக்கலாம்.

காரணத்தைப் புரிந்துகொள்ள ஆய்வெல்லாம் தேவையில்லை. செவ்வாய்க்கிழமை ஐந்தரைக்கு வருகிறேன் என்று சொன்ன அண்ணாவுக்காக முகம் கழுவி, நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை, அவர் வரவில்லை என்றால் அவருக்கு ஆபீசில் வேலை என்று நினைக்காது. நம்மைப் பிடிக்கவில்லை போல என்றுதான் நினைக்கும். ஏற்கெனவே ஒருவர் விட்டுப்போன வீட்டுப் பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே வாரம் மூன்று நாள் என்று ஆசையில் ஒப்புக்கொண்டு ஆடி மாதத்தோடு நின்றுபோவதைவிட, வாரம் ஒரு நாள், ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டு ஜூன் முதல் ஏப்ரல் வரை தவறாமல் போவது மேல். கல்யாண நிச்சயம், இடமாற்றம், பிரசவம், தேர்வு என்று வருகிற ஆண்டில் எது இருக்கிறது என்று முன்கூட்டியே பாருங்கள். ஓராண்டு முடியாது என்று தெரிந்தால் இந்த வேலை வேண்டாம். பள்ளி நூலகத்தில் புத்தகம் அடுக்குவது, ஞாயிறன்று கதை சொல்வது, கோடையில் கால்பந்துப் பயிற்சி கொடுப்பது என்று ஒரு பிள்ளை உங்களையே நம்பி இருக்காத வேலைகள் எத்தனையோ இருக்கின்றன. இடையில் விலகியே ஆக வேண்டிய நிலை வந்தால் நேரில் போய், காரணத்தைச் சொல்லி, கடைசி நாள் எது என்று முன்பே அறிவித்துவிட்டு விலகுங்கள். வாட்ஸ்அப்பில் அம்மாவுக்கு ஒரு வரி அனுப்பிவிட்டு மறைவது அழகல்ல.

காவல்துறை நன்னடத்தைச் சான்று கேட்கிறார்கள். உதவ வந்த என்னைச் சந்தேகப்படுவது அவமானமாக இல்லையா?

அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சான்று கேட்காத அமைப்பைத்தான் சந்தேகப்பட வேண்டும். குழந்தைகளிடம் தவறாக நடப்பவர்கள் பெரும்பாலும் தெரியாத ஆட்கள் இல்லை. பழகியவர்கள், நம்பிக்கை சம்பாதித்தவர்கள், 'ரொம்ப நல்ல மனுஷன்' என்று பெயர் எடுத்தவர்கள். தமிழகக் காவல்துறையின் இணையதளத்திலேயே சரிபார்ப்புச் சான்றுக்கு விண்ணப்பிக்கலாம்.

ஆனால் சான்று என்பது இதுவரை மாட்டிக்கொள்ளாதவர் என்பதற்குத்தான் அத்தாட்சி. பாதுகாப்பு அன்றாடப் பழக்கத்தில் இருக்கிறது. பிள்ளையோடு உட்காரும் இடம் நாலு பேர் போகவர இருக்கும் இடமாகவோ, கதவு திறந்த அறையாகவோ இருக்கட்டும். உங்கள் வீட்டுக்குத் தனியாக வரச்சொல்ல வேண்டாம். பைக்கில் ஏற்றிக்கொண்டு போக வேண்டாம், மழை பெய்தாலும் சரி. செய்தி அனுப்புவதென்றால் பெற்றோரின் எண்ணுக்கு. பிள்ளையின் இன்ஸ்டாகிராமுக்குள் போய்ப் பேசுவது, ராத்திரி பத்து மணிக்கு 'சாப்டியா?' என்று கேட்பது இதெல்லாம் அன்பு இல்லை. 'இதை வீட்டில் சொல்லாதே' என்ற வாக்கியம் உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது. இந்த விதிகள் பிள்ளையைக் காப்பதோடு உங்கள் பெயரையும் காக்கும்.

பாலியல் தொல்லை பற்றிப் பிள்ளை என்னிடம் சொன்னால் என்ன செய்வது? போலீஸ் வரை போனால் குடும்ப மானம் போகாதா?

இதில் உங்களுக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 19-ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டியது யாராக இருந்தாலும் கடமை. தெரிந்தும் மறைத்தால் 21-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மீது வழக்குப் போட முடியாது என்று அதே சட்டம் பாதுகாப்பும் தருகிறது. தகவல் வந்த 24 மணி நேரத்துக்குள் காவல்துறை குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் அறிவிக்க வேண்டும். எங்கே தொடங்குவது என்று திகைத்தால் 1098-ஐ அழையுங்கள். இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும் எண் அது.

பிள்ளை பேசும்போது குறுக்கே பேசாதீர்கள். 'அப்புறம் என்ன பண்ணான், எங்கே தொட்டான்' என்று துருவ வேண்டாம், விசாரணை உங்கள் வேலை கிடையாது. 'நீ எங்கிட்ட சொன்னது நல்லது, உன் மேல தப்பே இல்லை' என்பது போதும். 'யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்' என்று சத்தியம் செய்துவிடாதீர்கள், காப்பாற்ற முடியாத சத்தியம் அது. கேட்டதைப் பிள்ளையின் சொற்களிலேயே அன்றே தேதி போட்டு எழுதி வையுங்கள். ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிப் பேசி முடிப்பது என்ற பேச்சு கட்டாயம் எழும். அதற்கு உடன்படாதீர்கள்.

எங்கள் ஊரில் இந்தத் தெருப் பிள்ளைகள் அந்தத் தெருவுக்குப் போக மாட்டார்கள். எங்கே வைத்துச் சொல்லிக்கொடுப்பது?

சாதி என்ற வார்த்தையைச் சொல்லாமல் கேட்கப்படும் கேள்வி இது. பதில் இடத்தில் இருக்கிறது. கோயில் மண்டபம் வசதிதான், மின்விசிறியும் உண்டு. ஆனால் ஒரு தெருப் பிள்ளைகள் அதன் படியேறத் தயங்குவார்கள் என்றால் அந்த இடம் வேண்டாம். வீட்டுத் திண்ணையும் அப்படித்தான். எல்லாப் பிள்ளைகளும் கேள்வியில்லாமல் நுழையும் இடம் பள்ளிக்கூடம். தலைமை ஆசிரியரிடம் அனுமதி வாங்கி அதன் வராந்தாவைப் பயன்படுத்தலாம். ஊர்ப்புற நூலகம் இன்னொரு வழி. குடிக்கத் தண்ணீர் வைத்தால் ஒரே குடம், ஒரே டம்ளர். யார் முகம் சுளிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டியதையும், தடுக்கப் போன தங்கையும் காயப்பட்டதையும் நாடு பார்த்தது. அதையடுத்து அமைக்கப்பட்ட நீதியரசர் கே. சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர்கள் கையில் கட்டக் கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. வழிகாட்டப் போகிறவரின் மணிக்கட்டுக்கும் அது பொருந்த வேண்டும் அல்லவா?

'கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க' என்று பெற்றோரே சொல்கிறார்கள். இரண்டு அடி போடலாமா?

கூடாது. பெற்றோர் அனுமதி கொடுத்தாலும் கூடாது. பிள்ளை உங்கள் பொறுப்பில் இருக்கும்போது துன்புறுத்தினால் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 75-ஆம் பிரிவு பாயும். அது போக, அடி வாங்கிய பிள்ளை அடுத்த வாரம் வயிற்றுவலி என்று சொல்லிவிடும்.

பணமாக உதவலாமா? ஃபோட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடலாமா?

கையில் காசாகக் கொடுக்காதீர்கள். கொடுத்த நாளிலிருந்து நீங்கள் அண்ணா இல்லை, சார் ஆகிவிடுவீர்கள். பெற்றோர் கூச்சப்படுவார்கள், அல்லது அடுத்த மாதமும் எதிர்பார்ப்பார்கள். கட்டணமோ கண்ணாடியோ கட்டாயத் தேவை என்றால் பள்ளி வழியாகவோ அமைப்பு வழியாகவோ, பெற்றோருக்குத் தெரிந்து நடக்கட்டும்.

ஃபோட்டோவுக்கு நேரான பதில், வேண்டாம் என்பதுதான். குழந்தைகள் இல்லத்தில் இருக்கும் பிள்ளைகள், குற்றத்தால் பாதிக்கப்பட்ட பிள்ளைகள் போன்றோரின் அடையாளத்தை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டம், 74-ஆம் பிரிவு தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. மற்ற பிள்ளைகள் விஷயத்தில் சட்டம் இருக்கட்டும், 'ஏழைப் பிள்ளைக்கு உதவிய தருணம்' என்ற வரியோடு தன் முகம் வந்ததை அந்தப் பிள்ளையின் வகுப்புத் தோழர்கள் பார்ப்பார்கள் என்பதை யோசித்தால் போதும்.

எட்டாம் வகுப்புக்கு மேல் பாடம் சொல்லித்தர எனக்குத் தெரியாது. பெரிய பிள்ளைகளுக்கு என்னால் என்ன பயன்?

பாடத்தைவிடப் பெரிய பயன் இங்கேதான். வீட்டில் முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு மதிப்பெண் இருந்தும் வாய்ப்பு தவறிப்போவது, எந்தக் காகிதத்தை எப்போது வாங்க வேண்டும் என்று சொல்ல ஆளில்லாததால்தான்.

எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வு நடக்கிறது. என்எம்எம்எஸ் என்றால் எல்லா ஆசிரியருக்கும் தெரியும். அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் படிக்கும், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3.5 லட்சம் ரூபாயைத் தாண்டாத பிள்ளைகள் எழுதலாம். தேர்வானால் ஒன்பது முதல் பிளஸ் டூ வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். இதற்குக் கொஞ்சம் முன்கூட்டிப் பயிற்சி வேண்டும். மனத்திறன் கேள்விகள் பாடப் புத்தகத்தில் இருக்காது.

அடுத்தது, பள்ளி மாற்றம். கொஞ்சம் வசதி வந்ததும் ஒன்பதாம் வகுப்பில் தனியார் பள்ளிக்கு மாற்றிவிடலாம் என்று பெற்றோர் நினைப்பதுண்டு. மாற்றுவதற்கு முன் அவர்களுக்கு ஒன்று தெரிய வேண்டும். மருத்துவப் படிப்பில் 2020-லும், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்றவற்றில் 2021-லும் வந்த 7.5 விழுக்காடு இடஒதுக்கீட்டுக்கு, ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருப்பது அடிப்படை. கல்லூரி சேரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் (2022), பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டமும் (2024) இதுபோலப் பள்ளிப் படிப்பை வைத்துத்தான் கிடைக்கின்றன. எந்தப் பள்ளி நல்லது என்று நீங்கள் சொல்ல வேண்டாம், இந்தக் கணக்கை மட்டும் சொல்லிவிடுங்கள்.

பிளஸ் டூ பிள்ளைக்கு முதல் பட்டதாரிச் சான்று. குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லை என்பதற்கான அத்தாட்சி இது. ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் தொழிற்கல்வி இடம் வாங்கினால் கல்விக் கட்டணச் சலுகைக்கு உதவும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். சிக்கல் எங்கே வருமென்றால், அப்பா, அம்மா, அண்ணன், அக்கா எல்லோரின் படிப்பு விவரமும் கேட்பார்கள். ஐந்தாவதோடு நின்ற அப்பாவின் டிசி எங்கே என்று ஜூன் மாதக் கூட்டத்தில் தேடினால் நடக்காது. பெயரில் ஒரு இனிஷியல் மாறியிருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பொதுத் தேர்வு முடிந்த கையோடு, ஏப்ரலிலேயே, சாதிச் சான்று, வருமானச் சான்று, இது என்று மூன்றையும் ஒரே பையில் சேர்த்துவிட வேண்டும். வரிசையில் பிள்ளைதான் நிற்கட்டும், படிவத்தையும் பிள்ளையே நிரப்பட்டும். நீங்கள் பெற்றோரோடு பக்கத்தில் நின்று, ஒவ்வொரு கட்டத்திலும் என்ன கேட்கிறார்கள் என்று மட்டும் விளக்குங்கள்.

சரி, எங்கே போய்க் கேட்பது?

முதல் வாசல் உங்கள் ஊர் அரசுப் பள்ளி. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். தலைமை ஆசிரியரையும் இந்தக் குழுவையும் பார்த்தால் எந்தப் பிள்ளைக்கு ஆள் தேவை என்று அவர்களுக்கே தெரியும். குழந்தைகள் இல்லங்களில் உதவ விரும்புபவர்கள் நேராகக் கேக்கோடு போய் நிற்க வேண்டாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகி அனுமதியோடு போக வேண்டும். அந்த அலகின் அலுவலகம் எங்கே என்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.

போகும்போது ஆதார் நகல், காவல்துறைச் சரிபார்ப்புச் சான்று, உங்களைத் தெரிந்த இரண்டு பேரின் கைபேசி எண்கள் இருக்கட்டும். அதோடு, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்த மாதம் வரை வருவீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். பல பள்ளிகள் அதைக் கேட்பதில்லை, நீங்களாகவே கொடுங்கள்.